உறை கழற்றும் நேரம்

ஒன்பது கிளினிக்குகளுக்கு எழுதினேன்.
இரத்த அழுத்தம் பற்றிப் பதினான்கு பக்கப் படிவம்,
‘தங்கள் மேலான ஒத்துழைப்பை நாடி’ என்ற முடிப்போடு.
எட்டு இடங்களில் பதில் இல்லை.
ஒன்பதாவது, ஸ்கார்வ்நெஸ்ஸிலிருந்து, ஒரே வரி:
“எங்கே நேரம் இருக்கிறது, வந்து காட்டுங்கள்.”

போனேன்.
ட்ரொம்ஸோவிலிருந்து இரண்டு விமானம், பிறகு பேருந்து,
பிறகு பனி அகற்றும் வண்டிக்காக
சாலையோரம் ஒன்றரை மணி நேரம்.
நவம்பரில் போன சூரியன்
ஜனவரி பாதியாகியும் திரும்பவில்லை.
பகல் பதினொன்றுக்கு வானம்
மை கழுவிய தண்ணீர்.

கிளினிக் வாசலில் ஒரு பெஞ்சு,
கூடை நிறைய நீல நெகிழி உறைகள்.
பூட்ஸ்மேல் மாட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.
மாட்டிக்கொண்டு வாத்துபோல் நடந்தேன்.

டாக்டர் ஒட்லௌக் ரொட்டியைக் கடித்தபடி
படிவத்தைப் புரட்டினார்.
நான்காம் பக்கத்தில் நின்றார்.
“இது யாருடைய கேள்வி?”
“எங்கள் துறையுடையது.”
“அப்படியானால் துறையே நிரப்பட்டும்.”
கோபமெல்லாம் இல்லை.
பக்கத்து அறையில் ஒரு மீனவரின் கட்டைவிரலில்
தூண்டில் முள் காத்திருந்தது.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.
வலது உறையைக் கழற்றினேன்.
இடதுக்குக் குனிந்தபோது
ஏனென்று தெரியவில்லை,
வரவேற்பு மேசையைப் பார்த்துச் சொன்னேன்:
“மூன்று மாதமாக எனக்குத் தூக்கமே இல்லை.
வீட்டில் யாருக்கும் தெரியாது.”

மேசையில் இருந்த யோருன் தலையசைத்தார்.
பென்சிலை எடுத்து,
படகு எண்ணெய்க் கம்பெனி கொடுத்த நாட்காட்டியில்
அன்றைய கட்டத்துக்குள் ஒரு கோடு இழுத்தார்.

“என்ன அது?”

“உறை கழற்றும்போது சொல்வது.
உள்ளே டாக்டரிடம் முழங்கால் என்பார்கள், இருமல் என்பார்கள்.
இங்கே குனிந்து, முகம் மறைந்ததும்
வாய் திறக்கும்.
மலத்தில் இரத்தம்.
மகன் பேசி ஒரு வருஷம்.
நெஞ்சில் ஒரு கல், படகேறும்போது மட்டும்.
சிலரைத் திரும்ப உள்ளே அனுப்புவேன்.
ஆறு வருஷமாக எண்ணுகிறேன்.
யாரும் கேட்டதில்லை.”

இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்ட
பழைய நாட்காட்டிகள்.

இடது காலில் உறையோடு
மறுபடி உள்ளே ஓடினேன்.
முள் வெளியே வந்து தட்டில் கிடந்தது.
“டாக்டர், இது உங்கள் கேள்வியா?”
“யோருனுடையது.”
கையுறையை உருவிக்கொண்டே சொன்னார்:
“நான் உள்ளே எதைத் தவறவிடுகிறேன் என்று
எனக்கும் தெரிய வேண்டும்.”

அதன்பின் எல்லாம் எளிதாயிற்று என்று எழுத ஆசைதான்.
நாட்காட்டி எப்படி ஆவணமாகும் என்று
நெறிமுறைக் குழு நான்கு கடிதம் போட்டது.
அடுத்த ஃபியோர்டிலிருந்து டாக்டர் தர்யெய் போனில் சிரித்தார்:
“இங்கே உறை கிடையாது, காலுறையோடுதான் நடப்போம்.
பூட்ஸ் மாட்டும்போது சொல்வதை எண்ணலாமா?”
எண்ணலாம் என்றேன்.
ஒரு கிளினிக் இரண்டே வாரத்தில் விலகியது,
இருந்த ஒரே டாக்டர் தெற்கே போய்விட்டார்.
பதினான்கு பக்கம் நாலாயிற்று,
நாலு ஒன்றாயிற்று,
ஒன்றையும் ஒட்லௌக் பாதியாக வெட்டினார்:
“ஒரு உறை கழற்றும் நேரத்துக்குள்
நிரப்ப முடியாவிட்டால்
அது ஆராய்ச்சி இல்லை, வரி.”

இப்போது ஐந்து கிளினிக்.
செவ்வாய்தோறும் மதிய உணவில் அரை மணி நேரம்,
திரையில் ஐந்து சமையலறை,
யாரோ வாஃபிள் மென்றபடி எண்களோடு சண்டை போடுவார்கள்.
நான் குறைவாகப் பேசுகிறேன்.
இவ்வளவு படித்தது இதற்குத்தான் போலும்.

அடுத்த ஏப்ரலில் எண்களைச் சுத்தம் செய்தபோது
ஒரு கோடு ஒட்டவில்லை.
ஸ்கார்வ்நெஸ், ஜனவரி பதினேழு.
காலையில் வந்த நோயாளி ஒருவர்தான், கட்டைவிரலோடு.
கோடுகள் இரண்டு.

“ஒன்று நான். விதிப்படி நீக்கவேண்டும்,” என்றேன்.

மெல்லும் சத்தம் நின்றது.
யோருன் ஒட்லௌக்கைப் பார்த்தார்.
“இப்போது தூக்கம் வருகிறதா?” என்றார் டாக்டர்.