பனி பிடிக்காத இடம்

கிவிஸ்தே நகராட்சியில் எனக்குத் தந்த வேலை
மண்ணுக்கடியில் இருப்பதை எண்ணுவது.
மேலே இருப்பதை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம்:
பள்ளி இரண்டு, பாலம் ஒன்று,
விளக்குக் கம்பங்கள் இருநூற்றுப் பதினான்கு,
எரிபவை நூற்றுத் தொண்ணூறு.

கீழே இருப்பது வேறு.
ஆளிநூல் ஆலை ஓடிய நாளில்
பன்னிரண்டாயிரம் பேருக்கென்று புதைத்த வெந்நீர்க் குழாய்கள்.
இப்போது இருப்பது மூவாயிரத்துச் சொச்சம்.
அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி
தன் குழாய்களுக்குள் ஊர்
தொளதொளவென்று நடக்கிறது.

பேரேட்டில் அவற்றின் மதிப்பு பூஜ்யம்.
தேய்மானம் எழுதி முடித்தாயிற்று.
அந்தப் பூஜ்யத்தின் வழியாகத்தான்
தினமும் என் குளியலறைக்கு வெந்நீர் வருகிறது.
பல் துலக்கியபடி யோசிப்பேன்:
இல்லாத ஒன்று
இவ்வளவு சூடாக இருக்கலாமா?

மன்றத்தில் வருடா வருடம் அதே கேள்வி.
"உடையாததை எதற்குத் தோண்ட வேண்டும்?"
கேட்பவர் ரெய்னோ, மரக்கடைக்காரர்,
தன் லாரிக்கு
மாதம் தவறாமல் எண்ணெய் மாற்றுபவர்.

கொதிகலன் கூடம் அனுப்புவது நூறு.
வீடுகளுக்கு வந்து சேர்வது எழுபத்தொன்று.
மிச்சம் இருபத்தொன்பதைத் தேடி
ஜனவரி முழுக்க நடந்தேன்,
இடுக்கியும் வெப்பமானியும் ஹெல்துரின் வசவுகளும் துணை.
அவனுக்கு ஒவ்வொரு அடைப்பானும் அத்துப்படி.
வரைபடத்தில் இருக்கும் இடத்தில்
ஒன்றுகூட இல்லை.

கடைசியில் தேடிய பொருள்
ஊருக்கே தெரிந்த இடத்தில் கிடந்தது.
ஆலைத் தெருப் பேருந்து நிறுத்தம்,
ஒரு கட்டில் அகலத்துக்குப் பனி பிடிக்காத தரை.
பிப்ரவரியில் அங்கே ஒருமுறை
மஞ்சள் பூ பூத்ததாம். படம் எடுத்து
அஞ்சலகத்தில் மாட்டியிருக்கிறார்கள்.
நான்கு பூனைகள் அங்கேதான் குடித்தனம்.
ஆறு நாற்பது வண்டிக்கு நிற்கும்
மீன் ஆலைப் பெண்கள்
அவற்றைக் காலால் மெல்ல ஒதுக்கி வட்டமாக நிற்பார்கள்.
மாய்மு ஒரு பூட்ஸைக் கழற்றி
பாதத்தைத் தரையில் வைப்பாள்,
பிறகு மற்றொன்று.
நானும் நின்றிருக்கிறேன்.
பத்தொன்பது குளிர்காலம்
கேள்வி கேட்காமல்.

இனம் 417 என்று ஏற்றினேன்.
ஆண்டு இழப்பு பதினோராயிரத்து நானூறு யூரோ.
ரெய்னோதான் முதலில் கை தூக்கினார்.
"பூனை படுத்திருப்பது என் வரிப்பணத்தின் மேல்!"

நான்கு நாள் தோண்டினார்கள்.
குழாயின் வெப்பக் காப்பு
ஊறிய ரொட்டிபோல ஹெல்துரின் கையோடு வந்தது.
பன்னிரண்டு மீட்டர் புதுக் குழாய்.
மண்ணை மூடி, தார் ஊற்றி,
அவன் கையெழுத்துப் போட்டான், நான் போட்டேன்.

அன்றிரவே பனி.

காலையில் போய்ப் பார்த்தேன்.
எங்கும் ஒரே வெள்ளை. வேலை சுத்தம்.
பூனைகள் வந்தன.
ஒன்று முன்னங்காலை வைத்துப் பார்த்தது,
எடுத்து உதறியது,
தப்பான தெருவுக்கு வந்துவிட்டதுபோல
திரும்பிப் பார்த்தது.

மாய்மு என்னைப் பார்த்தாள்.
"கணக்கு சரியாச்சா, வீர்வே?"
"ஆச்சு."
"நல்லது," என்றாள்.
கால் மாற்றிக் கால் நின்றாள்.
வண்டி ஒன்பது நிமிடம் தாமதம்.

மார்ச் மாத நிகழ்ச்சி நிரலில்
இனம் 418 நான் சேர்த்தது:
மூன்று சுவர், ஒரு கதவு,
பெஞ்சுக்கடியில் சிறு வெப்பக் குழாய்,
மீட்டருடன்.
ஆயுள் இருபது ஆண்டு.
பராமரிப்புக்கென்று
வருடம் நூற்றெண்பது யூரோ தனியே ஒதுக்க வேண்டும்
என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

முடிவை அடுத்த காலாண்டுக்குத் தள்ளினார்கள்.
கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி விடுவீர்களா என்று
எழுந்து போகும்போது ரெய்னோ கேட்டது
கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.