இடது கால்

எட்டுப் பத்துக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.
தள்ளுவண்டியிலும் கழற்றமாட்டேன் என்றுதான் கிடந்தார்.
கதவடியில் தாதி ஏதோ சொல்லிச் சிரித்தாள்,
அவரும் சிரித்துவிட்டுப் பட்டியைத் தளர்த்தினார்.
மணிக்கூடு, மூக்குக்கண்ணாடி, கால்.
மூன்றுக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

வவுனியா ஆஸ்பத்திரி, மேல்மாடி.
நாலு நாலாய்ப் பூட்டிவைத்த நீலக் கதிரைகள்.
மடியில் அது கிடக்கிறது,
குழந்தை மாதிரி என்றெல்லாம் இல்லை,
பஸ்ஸில் நிற்கிற ஆரோ
பிடியுங்கோ என்று தந்த பை மாதிரி.
அதில் சப்பாத்து. அதன் சோடி
ஒன்பதாம் வாட்டில் கட்டிலுக்குக் கீழே.

குடலில் கட்டி.
நாலு மணித்தியாலம் பிடிக்கும், கூடவும் ஆகலாம்
என்றிருந்தார் டொக்டர்.
அந்தக் 'கூடவும்'
இரவு முழுக்க என் பாயில் புரண்டது.

கலியாணம் கட்டும்போதே அவருக்கு இந்தக் கால்தான்.
மற்றதை நான் கண்டதில்லை.
எங்கே போனதென்று ஒரேயொரு முறை சொன்னார்,
அதுவும் இடத்தின் பேரை மட்டும்.
எனக்குத் தெரிந்தது இதன் சத்தம்.
சீமெந்துத் தரையில் ஒன்று பாரம், ஒன்று லேசு.
வயலால் வரும்போது விறாந்தையில் அது கேட்டால்
தேத்தண்ணிக்கு உலை வைப்பேன்.
இங்கே எத்தனை பேர் நடக்கிறார்கள்,
எல்லாருக்கும் இரண்டு காலும் ஒரே சத்தம்.
வருவது ஆரென்றே பிடிபடவில்லை.

பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து இருந்தார்.
மடுக்கந்தைப் பக்கமாம். மனைவிக்கு இடுப்பெலும்பு.
பணிஸைப் பிய்த்துப் பாதியை நீட்டினார்.
காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"சீனி வருத்தம்?" என்றார் தெரிந்த தமிழில்.
தன் மருமகனுக்கும் அப்படித்தான்,
முதலில் விரல், பிறகு பாதம்.
நான் ஓம் என்று தலையாட்டினேன்.
"சீனி கூடாது," என்றார்.
"கூடாது," என்றேன்.
பணிஸ் இனித்தது.

இரண்டு மணி.
கதவு திறந்தது, வேறு ஆருக்கோ.
திரும்பத் திறந்தது. இரத்தப் பை ஒன்று உள்ளே போனது.
ஆருக்கென்று கேட்க வாய் வரவில்லை.
செய்வதற்கு ஒன்றுமில்லாமல்
சப்பாத்தில் ஒட்டியிருந்த ஒட்டுசுட்டான் சேற்றை
நகத்தால் சுரண்டினேன்.
பிறகு, மணம் பிடிக்கப்போகிறதே என்று
குழிக்குள் கையை விட்டேன்.
வீட்டில் விடமாட்டார்.
தானே துடைப்பார், தானே காயவைப்பார்.
உள்ளே மெத்தென்று நாலாய் மடித்த துணி.
இழுத்துப் பார்த்தால்
என் கத்தரிப்பூ நிற வொயில் சேலை.

கொடியில் காய்ந்தது காணாமல்போய்
மூன்று வருஷம்.
பக்கத்து வளவு யோகமலரின் ஆடு தின்றதென்று
வேலிக்கு மேலால் ஏசி,
அவள் மகளின் சாமத்தியவீட்டுக்கும் போகாமல் விட்டேன்.
இவர் அப்போது முற்றத்தில் நின்று
மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.
ஒரு சொல்லும் சொல்லவில்லை!

சிரிப்பு வந்தது.
அந்த இடத்தில் சிரிக்கக்கூடாதென்று
சேலைத் துண்டையே வாயில் பொத்தினேன்.
வியர்வை மணம். கொஞ்சம் சந்தன சோப்.
வெளியே வரட்டும்,
இதை முதலில் கேட்கவேண்டும் என்று நினைத்தேன்.
வரட்டும் என்று
அதற்குப் பிறகு நெடுநேரம் நினைத்தேன்.

நாலு மணிக்கு
கே-தீஸ்-வர-ன் என்று
பேரை நாலாய் முறித்துக் கூப்பிட்டாள் ஒரு தாதி.
முகமூடிக்கு மேல் கண் மட்டும்.
கண்ணில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எழும்பினேன்.
அவ்வளவு நேரமும் அதன் பாரத்தில்
என் இடது கால் விறைத்துப்போயிருந்தது.
துணியை உள்ளே திணித்து, காலை அணைத்துக்கொண்டு
கதவை நோக்கி நடந்தேன்,
ஒன்று பாரம், ஒன்று லேசு.
பின்னால் அந்த மனிதர் கூப்பிட்டபடி வந்தார்.
கதிரையில் விட்டுவிட்டேனாம்,
மூக்குக்கண்ணாடியை.