எந்தக் கேர்னல்

வவுனியாவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்,
மாங்குளத்தில் பஸ் மாறும்போதும் கீழே வைக்கவில்லை.
நாலு டெராபைட். ஒரு சோற்றுப் பெட்டியளவு.
மல்லாவி நெற்களஞ்சியத்தின் பதினொரு போகக் கணக்கும்
அதற்குள் போய் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும்.

பூட்டினேன். திருகாணி நாலு. கறன்ட் போட்டேன்.
விசிறி சுற்றியது, தட்டும் சுற்றியது,
விரல் வைத்தால் உள்ளே துடிப்பு இருந்தது.
திரையில் மட்டும்
அப்படி ஒருவர் வந்ததாகப் பதிவில்லை.

இரண்டு புள்ளி ஆறு புள்ளி பதினெட்டு.
நான் ஏ.எல். எழுதிய ஆண்டின் கேர்னல்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டாய் அரிந்ததுதான்
அதற்குத் துண்டு.
புதுத் தட்டோ எட்டை ஒன்றாய்க் கட்டி
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறாய் நீட்டுகிறது.
கொத்தால் அளந்து பழகினவனிடம் மூட்டையைக் காட்டினால்
நெல்லே வரவில்லை என்கிறான்.

புதிசுக்கு ஏறலாம். ஏறினால் தராசு போய்விடும்.
தராசுக்கும் கணினிக்கும் நடுவில் ஓர் அட்டை,
அதற்கு ட்ரைவர் எழுதின கொம்பனி
கோயம்புத்தூரில் இழுத்து மூடியாயிற்று.
பழைய கேர்னலோடு மட்டும்தான் அது பேசும்.
வெளியே ஏழு லாண்ட்மாஸ்டர், இரண்டு ட்ராக்டர் பெட்டி,
நெல்லுக்கு மேலே படங்கு,
படங்குக்கு மேலே மழைக்குணம்.
புஸ்பகாந்தி அக்கா ரசீதுப் புத்தகத்தால் விசிறியபடி
"தம்பி, இண்டைக்கு முடியுமோ?"

தர்மிலனுக்கு எடுத்தேன். சிக்னல் சரியில்லை,
ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன்.
அவன் கத்தினான்:
"பழைய கேர்னலை அழிச்சுப்போடாதை!
ஒளிச்சு வை. தேவையெண்டால் திரும்ப எழுப்பலாம்."

வாசலில் தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம் நின்றது.
லாண்ட்மாஸ்டரில் இருந்தவர் இறங்கினார்,
ஏன் இறங்கினோம் என்று பிறகு ஏறினார்.
யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.
காவலாளி அருமைத்துரை அண்ணை உள்ளே வந்து
காதருகில் குனிந்தார்:
"எந்தக் கேணலடா?"

விளங்கப்படுத்தினேன். அட்டை, தட்டு,
நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்க்கிற மென்பொருள்.
முதலில் அக்கா சிரித்தா. பிறகு வெளியேயும் சிரித்தார்கள்,
கொஞ்சம் கூடுதலாகவே.
அண்ணை சிரிக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு
"எண்டாலும் மெதுவாச் சொல்லு" என்றார்.

பிறகு ஒரு நடுப்பதிப்பு.
இரண்டு புள்ளி ஆறு புள்ளி முப்பத்திரண்டு.
தர்மிலன் அதற்கேற்ப ட்ரைவரில் பதினாறு வரி மாற்றி அனுப்பினான்,
இறங்க முக்கால் மணித்தியாலம்.
திரும்ப எழும்போது திரை ஐந்து விநாடி தரும்:
பழையதா, புதியதா, நடுவிலா.
நாலு. மூன்று.
இப்போது கறன்ட் போனால் என்று நினைத்தேன்,
அதை நினைக்காத நாள் இங்கே இல்லை.
இரண்டில் அழுத்தினேன்.

தட்டு தெரிந்தது, முழுதாக.
தராசு வெறும் மேடைக்குக் கழித்தல் இரண்டு கிலோ காட்டியது.
பூச்சியமாக்கி, "ஆராவது ஒருக்கா ஏறி நில்லுங்கோ" என்றேன்.
அண்ணை செருப்பைக் கழற்றினார், ஒன்றைத்தான்.
மற்றது வாரோடு பொய்க்காலில் கிடந்தது.
அறுபத்தொன்று புள்ளி நாலு.
இலக்கம் திரைக்கு வர ஒரு மூச்சுப் பிந்தியது.

"சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கிறனீங்கள்" என்றார்
மேடையிலிருந்து இறங்காமல்.
"காலுக்கு எவ்வளவு?"

மொத்தம், கழிவு, தேறியது என்று மூன்று கட்டம்.
நடுக்கட்டத்தை வெறுமையாய் விட்டுச் சேமித்தேன்.
புதுத் தட்டில் முதல் வரி அது.
வெளியே முதல் லாண்ட்மாஸ்டர்
பின்பக்கமாய் வரத் தொடங்கியிருந்தது.