மூன்றாவது தட்டு

என் வேலை மூன்று வரை எண்ணுவது.
அதற்கு மேல் கணக்கு வேண்டாம் உனக்கு என்றார் முதலாளி,
சம்பள உறையை நக்கி ஒட்டியபடி.

சனிக்கிழமை மூஸ் ஜா, ஞாயிறு ஸ்விஃப்ட் கரண்ட்,
செவ்வாய் மெடிசின் ஹாட்.
நடுவில் அறுத்த கோதுமைத் தாள், அதன்மேல் பனி,
ஹீட்டர் செத்த ஒரு வண்டி, நாங்கள் மூவர்.

பின்சீட்டில் கர்னல் ஸ்டாரோவ், மாஸ்கோ கரடி.
வீட்டுப் பெயர் ஒரெஸ்ட் ஹாவ்ரிலுக்.
ஆல்பர்ட்டாவில் பிறந்த உக்ரைன்காரன்.
ரஷ்யப் பட்டாளம் என்ற பேச்சு எழுந்தாலே
அவன் அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிடுவாராம்.
மகன் செங்கொடி போர்த்திக் கோதாவில் இறங்குவதை
சாகும்வரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.
டிராக்டர் பாகம் விற்கிறான் என்றே நம்பினார்.

முன்சீட்டில் லைல் டன்குவிஸ்ட். வெள்ளை பூட்ஸ், ஊரின் செல்லப்பிள்ளை.
இவனுக்கும் அவனுக்கும் ஜென்மப் பகை என்று சுவரொட்டி சொன்னது.
ஆகவே தானியக் கிடங்கின் உச்சி தெரிந்ததும்
ஒரெஸ்ட் போர்வைக்குள் சுருண்டுகொள்வான்.
ஆறடி மூன்றங்குலம் அந்த இடுக்கில் எப்படி அடங்கியதோ!
மேலே லைல் தன் பெட்டியை வைப்பான்,
சிரிக்காதே, பெட்டி ஆடுகிறது என்பான்.

உடும்புப்பிடிக்குள் அவர்கள் பேசுவது எனக்கு மட்டும் கேட்கும்:
இடது முட்டி இன்று வேண்டாம்.
அடுத்தது கயிறு.
உன் பெண்டாட்டி போட்ட வெள்ளரி ஊறுகாய் மிச்சமிருக்கா?

எல்லாம் பொய் என்பார்கள். பலகை பொய்யில்லை.
என் மணிக்கட்டுப் பட்டைக்குள் பிளேடில் கால் துண்டு இருக்கும்,
கேட்டால் கொடுப்பேன்.
ஒரெஸ்டின் நெற்றித் தழும்பில் தீக்குச்சி செருகினால் நிற்கும்.

எழுபத்துநாலு நவம்பர், யார்க்டன், ஹாக்கி அரங்கம்.
பலகைக்கு அடியில் ஐஸ்.
தூக்கியதில் தப்பில்லை. விழுந்ததிலும்
தப்பில்லை என்று சொல்லத்தான் ஆசை.
கூரையைப் பார்த்தபடி, உதடு அசையாமல், வழக்கம்போல
லைல் சொன்னான்:
காலைக் காணோம்.

நான் மணிக்காரனைத் திரும்பிப் பார்த்தேன்.
வேண்டாம் என்றான் லைல். முடி.
பையன் முதல் வரிசையில் இருக்கிறான்.

ஒரெஸ்ட் மிதித்தான். காதுக்கு ஒரு விரற்கடை தள்ளி, பலகை அதிர.
மிதிக்கும்போதே கேட்டான்: விரல்?
இல்லை.
முழங்கை?
இல்லை.
யாரோ ஒரு பெண் கயிற்றுக்கு அடியில் கைவிட்டு
அவன் கெண்டைக்காலில் தொப்பி ஊசியை ஏற்றினாள்.
அவன் திரும்பவில்லை.

பிறகு தன் காலே தன்னைத் தடுக்கினாற்போல்
மல்லாந்து விழுந்தான், லைலுக்குப் பக்கத்தில்.
உடம்பு மறைப்பில் அந்தக் கையை எடுத்துத்
தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான்.
ஒரு கை போதும். சட்டம் அப்படி.

ஒன்று.
இரண்டு.
ஒரெஸ்ட் மூச்சு வாங்க வாங்க
அந்தக் கையும் ஏறி இறங்கியது.
மூன்று.

கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள்.
பையன் நாற்காலிமேல் நின்றான்.

ஆஸ்பத்திரிப் பக்கம் உன்னைப் பார்த்தால் தொழிலே போச்சு
என்றார் முதலாளி. விடியற்காலை மூன்று மணிக்கு
சலவைக்காரர்கள் வாசல் வழியாகப் போனான், பதினோரு வாரம்,
கோட்டுக்குள் ஊறுகாய் ஜாடியுடன்.
நான் வண்டியில் காவல்.
என்ன பேசினார்கள் என்று கேட்டதில்லை.

"லைலை முடமாக்கிய கை" என்று புதுச் சுவரொட்டி வந்தது.
டிக்கெட் ஐம்பது காசு ஏறியது.
ஒன்பது வருஷம் ஊர் ஊராக எச்சில் வாங்கினான்.
மாதத்தில் இரண்டு உறை, ஒட்டியது ஒட்டியபடி,
என் பெயரில் லைல் வீட்டுக்குப் போனது.

போன மாதம் லைலை அடக்கம் செய்தார்கள்.
நரைக்கத் தொடங்கிய பையன் என் கையைப் பிடித்தான்:
அன்றைக்கு அப்பா ஜெயித்தார், இல்லையா?
நான்தானே எண்ணினேன் என்றேன்.
அந்த ரஷ்யன்?
செத்திருப்பான் என்றேன்.

தேவாலயத்துக்கு வெளியே வண்டி நின்றது.
பின்சீட்டில் போர்வை.
முட்டி இப்போது மடங்குவதில்லை அவனுக்கு.
ஒரு பாதம், கறுப்பு சாக்ஸுடன்,
வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.