கழித்துப் பெறுவது

மூடிய நிலக்கரிக் குழிகளில்
நிலத்தடி நீர் மறுபடி ஏறியதிலிருந்து
ஷ்ப்ரே ஆறு பழுப்பாய் ஓடுகிறது.
லவுசிட்ஸில் இது செய்தி அல்ல.
எவ்வளவு இரும்பு, எந்த இரும்பு
என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு
ஊற்றில் கண்ணாடி மாதிரி வரும்.
காற்று பட்டால் மூன்றாவதையும் விட்டுத்
துருவாய்க் கலங்கும்.
அதனால் புட்டியில் முதலில் அமிலம்,
பிறகுதான் தண்ணீர், கழுத்துவரை.
மெர்ட்டினுக்கு இது தெரியும்.
பதினோரு வருடமாய் அவன்தான் எடுக்கிறான்.

ஒன்பதாம் வாய்க்கால், காலை ஆறு பத்து:
சாய்ந்த அவன் கையெழுத்து.

பினாந்த்ரோலின் விட்டேன்.
மூன்று மூலக்கூறுகள் ஓர் இரும்பை வளைத்துப் பிடிக்க
முற்றிய பூசணிச் சதையின் நிறம் எழவேண்டும்.
அந்த வாய்க்காலில் என்றைக்கும் எழும்.
எழவில்லை.
ஐந்நூற்றுப் பத்து நானோமீட்டர் வெளிச்சம்
யாரும் மறிக்காத தெருவில் போல் போய்விட்டது.
0.09.

விளக்கைச் சந்தேகித்தேன்.
குவளையைத் துடைத்தேன், என் விரல்ரேகையைச் சந்தேகித்து.
வெற்றுக் கரைசல் பூஜ்யம்தான் காட்டியது.
0.09.

இரண்டாம் குவளையில் ஹைட்ராக்சிலமின்,
இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும் சரக்கு.
பத்து நிமிடம் காத்திருந்து
பினாந்த்ரோலின் விட்டதும்
கண் கூசுகிற ஆரஞ்சு.
0.83.

மூன்றை நாங்கள் நேரில் பார்ப்பதில்லை.
மொத்தத்தில் இரண்டைக் கழித்தால்
மிச்சம் நிற்பது மூன்று.
இன்று மிச்சம்தான்
ஏறக்குறைய எல்லாமே.

கணக்கு உதைக்கிறது, மெர்ட்டின்.
இது நேற்றைய தண்ணீர்.
ராத்திரி முழுக்க அமிலமின்றிக் கிடந்து
அடியில் திட்டுத் திட்டாய்ப் படிந்து
விடிந்தபின் அவசரமாய் ஊற்றியதில்
தெளிந்திருக்கிறது.
அமிலம் துருவைக் கரைக்கும்.
எலக்ட்ரானைத் திருப்பித் தராது.

காபிக்கு வந்தவன்
தாங்கியில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற
இரண்டு குவளைகளையும் பார்த்தான்.
தொப்பியைக் கழற்றினான்.
"நேற்று மதியம்."
"ஒரு மணியா, இரண்டா?"
"இரண்டேகால்."
அடித்து எழுதினேன்.
ஆறு பத்துக்கு எங்கே இருந்தான் என்பதற்கு
என்னிடம் கரைசல் ஏதும் இல்லை.
நேற்றைய சட்டையே போட்டிருந்தான்.

புதுப் புட்டியில் அமிலம் விட்டு மூடி
சாவியை எடுத்தேன்.
வண்டியை நான் ஓட்டினேன்.

குழாய் வாயில் தெளிவாய் விழுந்த நீர்
பத்தடி தள்ளிச் சிவந்துகொண்டிருந்தது.
குனிந்து பிடித்தான், கழுத்துவரை.
மூடியைத் திருகினான்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தான்,
பிறகு பேனாவை
என்னிடம் நீட்டினான்.