முன்சக்கரத்துக்கு மட்டும்

டயர் ஒன்று மூவாயிரத்து நானூறு.
விரலால் அழுத்திப் பார்க்கிறேன்,
பழுத்த சப்போட்டா பதம்.
பக்கத்தில் அறுநூற்றைம்பதுக்குத் தொங்குவது
கல்.

"மெத்துனு இருந்தா பிடிக்கும்.
பிடிச்சா தேயும்.
தேயாம பிடிக்கணும்னா நான் எங்க போக?"
யாகூப் ஆறு மாதம்தான் சொல்கிறார்,
கூட்டிச் சொல்லத் தெரியாதவர்.

மலை ஓட்டும் சைக்கிள்தான்.
எனக்கு வாய்த்த மலை
எர்ணாவூர் மேம்பாலம்.
இறங்கினால் கன்டெய்னர் லாரிகள் மிதித்த குழி,
குழியில் மழை,
மழைமேல் டீசல் வானவில்.

தண்டவாளம் சாலையைக் குறுக்கே அறுக்குமிடத்தில்
போன ஐப்பசியில் விழுந்தேன்.
லாரிச் சக்கரம் நின்றது
என் பின்னலுக்கு ஒரு முழம் தள்ளி.
இறங்கி வந்து கத்தினான் டிரைவர்.
கத்தும்போது அவன் கை நடுங்கியது.

அந்த ஒரு முழத்துக்கு
என்ன விலை போடுவது?
மூவாயிரத்து நானூறுக்குள்
ஆறு நாள் ஷிப்ட் இருக்கிறது,
நிலானியின் டியூஷன் இருக்கிறது,
கேஸ் சிலிண்டர் பாதி எட்டிப் பார்க்கிறது.

ஒன்றுதான் வாங்கினேன்.
பின்னது வழுக்கினால் காலூன்றலாம்,
முன்னது வழுக்கினால் ஆளே இல்லை.

இன்று தூறல்.
தண்டவாளத்தில் முன்சக்கரம் டக்.
பின்சக்கரம் டக்.
தாண்டிவிட்டேன்.
ரப்பர் பிடித்ததா,
பயந்து நான் மெதுவாக மிதித்தேனா,
மணலி கேட் வரை யோசித்தும் பிடிபடவில்லை.

அறுநூற்றைம்பது
ஒன்றும் பேசாமல்
பின்னால் வருகிறது.