கழித்தல், ஆண்டு ஒன்று

பிஸ்கட் டின்னில் நாற்பது போத்தல் மூடிகள்.
சிமெண்டுத் தரையில் விளிம்பை உரசி உரசி
ஒரு பள்ளி விடுமுறை முழுக்க நானே மழுக்கியவை.
விரலைக் கீறாது.
மேசைகளைச் சுவரோரம் தள்ளியாயிற்று.
இருபத்திரண்டு பிள்ளைகள், பாய் விரித்த தரை,
ஜன்னல் வழியே ஜெலுத்தோங் சந்தையின் மீன் வாடை.
அதுவும் தினமும் வருகிறது,
வருகைப் பதிவேட்டில்தான் இடமில்லை.

இன்று கழித்தல்.
பாடநூல் மாம்பழம் என்கிறது.
ஐந்து மாம்பழம், இரண்டை எடுத்தால் மீதம் எத்தனை?
போன வருடம் அப்படித்தான் கேட்டேன்.
"யாரு எடுத்தா டீச்சர்?" என்றான் ஒருவன்.
முதலில் விடையைச் சொல்லு என்று
மேசையைத் தட்டினேன்.
அதன்பின் வருடம் முழுக்க
அவன் எதுவுமே கேட்கவில்லை.
சோதனைகளில் நல்ல புள்ளி.
எனக்குத்தான் இன்னும் தொண்டையில் முள்.

ஆகவே இந்த ஆண்டு ஃபெரி.
நீலம் அடித்த அட்டை, கடல்.
என் செருப்பு ஒன்று, கப்பல்.
சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் கொடுத்தேன்.
ஆறு மூடிகள் ஏறின.
ஏறியவர்களுக்கு வேலை கொடுத்தார்கள்:
ஒருவர் நாசி கண்டார் கடைக்காரர்,
ஒருவர் தாதி,
ஒருவர் "சும்மா வர்றவரு".
பாகானில் இரண்டு பேர் இறங்கினார்கள் என்றேன்.
"அங்க எல்லாருமே இறங்கணும் டீச்சர்"
என்றான் மித்ரன், தினமும் அதில் வருகிறவன்.
"நாலு பேரு தூங்கிட்டாங்க"
சஷ்மிதா என்னைக் காப்பாற்றினாள்.
சரி, இப்போது கப்பல் கணக்கில் எத்தனை பேர்?

"நாலு" என்றது அறை.
"ஆறு" என்றாள் லோஷினி.

திருத்தத் திறந்த வாயை மூடிக்கொண்டு
மனதுக்குள் பத்து எண்ணினேன்.
எனக்கு நானே விதித்த சட்டம் அது:
தப்பான விடைக்குப் பத்து எண்ணும் வரை
கதவைச் சாத்தக்கூடாது.
எட்டில் அவள் சொன்னாள்:
"வேலைக்குத்தானே போனாங்க.
சாயங்காலம் வந்துருவாங்க இல்ல?"

பலகையில் 4 எழுதினேன்.
பக்கத்தில் சின்னதாய் ஒரு 2.
அதன் கீழே, மாலையில் வருவார்கள்.

பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே தர்வின்,
பள்ளி திறந்த நாளிலிருந்து வாய் திறக்காதவன்,
"வராட்டி?" என்றான்.

மணி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.
சுவர் விசிறி இடமும் வலமும் தலையாட்டியது.
தெரியலையே தர்வின் என்றேன்.
பயிற்சிக் கல்லூரியில் எவரும்
சொல்லித்தராத வாக்கியம்.
"வராட்டி, தூங்குறவங்கள எழுப்பி
கப்பல ஓட்டச் சொல்லணும்."
லோஷினியா சஷ்மிதாவா, கவனிக்கவில்லை.
நான் தர்வினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
செருப்பை இரண்டு கையாலும் பிடித்து
நாலு பேரில் ஒருவரும் விழாமல்
மிக மெதுவாக
அட்டைக் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

மாவட்டக் கல்வி அலுவலகத்துப் புவான் ரொஸ்னானி
மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.
தமிழ் தெரியாது. செருப்பு எதற்கு என்று
மலாயில் கேட்டார். சொன்னேன்.
பாகானில்தான் அவர் வீடாம், தினமும் அதே ஃபெரியாம்.
'பயிற்றுத் துணைப்பொருள்' கட்டத்தில் ஏதோ எழுதினார்.
எட்டிப் பார்த்தேன், கை மறைத்துவிட்டது.

பசியாறும் நேரத்தில் மூடிகளை எண்ணினேன்.
முப்பத்தெட்டு.
யார் எடுத்தது என்று கேட்கும் முறை
இப்போது எனக்கு வந்திருந்தது.
கேட்கவில்லை.
கேண்டீன் வரிசையில் தர்வினின் கால்சட்டைப் பை
நகரும்போதெல்லாம் கிலுங்கியது.

வியாழக்கிழமை டின்னில் ஒன்று கூடியிருந்தது.
என்னுடையதல்ல.
நான் குடிக்காத ஏதோ ஆரஞ்சு பானத்தின் மூடி,
பல்லெல்லாம் அப்படியே கூராக.
முப்பத்தொன்பது என்று எழுதி வைத்துவிட்டு
அதைப் பின்வாசல் சிமெண்டுக்கு எடுத்துப் போனேன்.
மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.